இறுக்கி மூடாத பாட்டில்

பாளையங்கோட்டை,
நவம்பர் 23.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்காதே. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் அம்மா எடுத்துப் படித்துவிடுவாள். போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் பழைய டைரியில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ வாங்கிக் கொடுத்த களிம்பு தீர்ந்துவிட்டது, அதற்காக நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். நல்ல மழை. தார்சாவில் ஒழுகுகிற இடத்தில் இந்தத் தடவையும் வாளிதான். உனக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு. வெறும் வயிற்றோடு படுக்காதே.

நாங்கள் திரும்பி வந்து ஒரு மாசம் ஆகப்போகிறது. பார்க்கிறவர்களெல்லாம் ஜெர்மனி எப்படி என்று கேட்கிறார்கள். டூபிங்கனும் நம்ம பாளையங்கோட்டை மாதிரிதான், தடுக்கி விழுந்தால் மாணவன் மேல்தான் விழ வேண்டும் என்கிறேன். 90,000 பேர் இருக்கிற ஊரில் ஏறக்குறைய 28,000 பேர் மாணவர்கள் என்று நீ சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்றால் பெரியப்பா நம்ப மறுக்கிறார். அதன் சின்னத்தில் ஒரு மரத்தைப் பார்த்து 'இங்கேயும் பனையா' என்று நான் கேட்டேனே, அதையும் சொன்னேன். அதைத் தொடங்கிய எபர்ஹார்ட் பிரபு ஜெருசலேம் யாத்திரை போய் வந்த ஞாபகத்துக்கு வைத்த மரம், பேரீச்சை மாதிரி என்று நீ விளக்கினாய். பெரியப்பாவுக்கு அது பனைதான்.

குண்டர்ட் பாதிரியார் அந்த ஊரில் படித்தவர் என்பதும் இங்கே யாருக்கும் தெரியவில்லை. மலையாள அகராதி போட்டவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 1836இல் மெட்ராசில் வந்து இறங்கி, முதலில் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான் பாதிரி ரேனியஸ் ஐயரோடு இருந்தார், மலையாளமெல்லாம் அப்புறம். டூபிங்கனில் அவர் படித்த அந்த மடத்துக் கட்டிடத்துக்கு முன்னால் நீ என்னைப் போட்டோ எடுத்தாயே, அதை பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஒருவர் இங்கே வந்தார், இங்கிருந்து என் மகன் அங்கே போயிருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு எரிச்சல்.

அந்த ஊர்க் கோட்டைக்குள்ளே பழைய அடுக்களையைக் காட்டினாய் அல்லவா, அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். 1869இல் ஆஸ்பத்திரியிலிருந்து சீழ் பிடித்த கட்டுத்துணிகளை வாங்கி வந்து, அதைக் கழுவிக் கழுவி, மீஷர் என்ற பையன் இப்போது டி.என்.ஏ. என்கிறோமே, அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்த இடம். சமையல் நடந்த இடத்தில் சீழா என்று அம்மா மூக்கைப் பொத்தினாள். நீ கண்ணெல்லாம் விரிய, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். எட்டாம் வகுப்பில் தவளை அறுத்துவிட்டு வந்து பேசின அதே பேச்சு. அந்தப் பத்து நாளில் உன்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் என்ன செய்தேன்? 'மார்ச்சோடு உனக்குச் சம்பளம் நிற்கிறதாமே, அதற்கப்புறம் என்ன?' என்று கேட்டேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டாம். நீ கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாய். அன்றைக்கு முழுவதும் வெளியே எடுக்கவில்லை.

சரி, அது போகட்டும். ஆனாலும் எங்கள் டிக்கெட்டுக்கு அவ்வளவு செலவு செய்தவன் மார்ச்சைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். நான் கேட்காமல் யார் கேட்பார்கள்?

பக்கத்துத் திராட்சைத் தோட்ட ஊர் உன்டர்யேசிங்கனுக்குக் கூட்டிப் போனது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாசலில் வாரியலைத் தொங்கவிட்டால் வீட்டில் வைன் விற்கிறார்கள் என்று அடையாளம், அதுவும் வருஷத்துக்கு நாலு மாசம்தான், 40 பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்று அவள் சொல்லிச் சொல்லித் தெருவே சிரிக்கிறது. நாமோ வாரியலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர்கள். எனக்கு அந்தச் சரிவுதான் பிடித்தது. கல்லை மேலே மேலே அடுக்கி, சுண்ணாம்பு இல்லாமல் கட்டிய சுவர், அதற்கு மேல் ஒரு வரிசை திராட்சைக் கொடி, மறுபடி சுவர். ஒரு வயசாளி முதுகை வளைத்துக் குலை நறுக்கிக்கொண்டிருந்தார். பனையேறிக்கும் அவருக்கும் முதுகு ஒன்றுதான். உன் வீடு இருக்கிற அந்தக் கீழ்த்தெருக்களில் முன்னே இவர்கள்தான் இருந்தார்களாம். வாத்தியார்கள் மேலே, கொடிக்காரர்கள் கீழே. உங்கள் கட்டிடத்து நிலவறைக் கதவு ஏன் அவ்வளவு அகலம் என்று அப்போதுதான் புரிந்தது. பீப்பாய் உருண்டு போக வேண்டும்.

வரும்போது ஒரு பாட்டில் வாங்கினாய். நொய்யர் வைன். பேரிலேயே நோய் இருக்கிறதே என்றேன். புதுசு என்று அர்த்தம் அப்பா என்றாய். கலங்கலாக, மோர் கலந்த மாதிரி ஒரு நிறம். மூடியை இறுக்காமல் சும்மா வைத்திருந்தார்கள். ரயிலில் நீ அதை மடியில் நட்டுக்க வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாய். சாய்ந்தால் ஒழுகும், இறுக்கினால் வெடிக்கும், உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினாய். 'வெறும் திராட்சைச் சாறு மாதிரிதான் அம்மா' என்றும் சொன்னாய். ஐயா, அம்மாவிடம் சொல்லலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாத பதனி விடிவதற்குள் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெங்காய கேக்கோடு நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தீர்கள். அம்மா முகம் சுளித்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் பல் தேய்க்கப் போனபோது பாட்டில் காலி.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு என்று இதற்காகத்தான் சொல்கிறேன் என்று நினைக்காதே. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நெக்கர் ஆற்றில் படகில் போனோமே, மஞ்சள் கோபுர வீடு, ஹோல்டர்லின் என்ற கவிஞர் இருந்தது. புத்தி பேதலித்து, மூன்று வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர்கள் அனுப்பிய மனுஷர், 1807 முதல் 1843 வரை 36 வருஷம் அங்கேயே இருந்தார் என்றாய். யார் சோறு போட்டது என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். ஒரு தச்சர், அவருக்குப் பிறகு அவர் மகள் என்றாய். சொந்தமே இல்லாத தச்சர். அங்கே உனக்கு அப்படி யாராவது உண்டா? பக்கத்து அறைப் பையன் பேர்கூட உனக்குத் தெரியவில்லையே.

மியூன்ஸ் சந்தில் ஒரு சுவரில், பெரிய ஜெர்மன் கவிஞர் கதே தங்கினார் என்று கல்வெட்டு. 1797ஆம் வருஷம். அதற்குப் பக்கத்துக் கட்டிடத்தில் மாணவர்கள் கிண்டலுக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், கதே இங்கே வாந்தி எடுத்தார் என்று. நீ மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஏன் கோபித்துக்கொண்டு முன்னால் நடந்தார் என்று நீ அவளிடம் கேட்டாயாம். கோபம் இல்லை.

வண்ணார்பேட்டை வீட்டு நடை ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு ஏழு வயது. நடையில் நான் கிடந்தேன். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். நீதான் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாய், வாரியலை எடுத்துத் தள்ளினாய். உன் உயரத்துக்கு அந்த வாரியல் பெரிசு. எனக்கு எல்லாம் தெரிந்தது, கண்ணைத்தான் திறக்கவில்லை. மறுநாள் காலையில் ஷூ பாலிஷ் போடவில்லை என்று உன்னை அடித்தேன். இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பெரியப்பா சத்தியம் வாங்கியதால்தான் நான் விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். நானும் ஆமாம் என்றே இருந்துவிட்டேன். அப்படி இல்லை. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது உன் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்தாய். கடைசிப் பக்கத்தில் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாய். நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. மேலே கிழமை. முதலில் ஏதோ விளையாட்டுக் கணக்கு என்று நினைத்தேன். அப்புறம் அரிசிப் பானைக்குப் பின்னால் நான் போட்டு வைத்திருந்ததை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. நீ கணக்கில் எப்போதும் தப்புப் போட மாட்டாய்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீயும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று துணிப்பையோடு கீழே போனாய். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக்கூடாது, சத்தம் ஆகாது அப்பா என்று நீயே சொல்லியிருந்தாய். பச்சைக்கு ஒரு வாய், பழுப்புக்கு ஒரு வாய், வெள்ளைக்கு ஒரு வாய் என்று முனையில் அந்தப் பெட்டி இருக்கிறதே, அது உன் ஜன்னலுக்கு நேர் கீழே. அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டாய். மெதுவாகத்தான் போட்டாய், ஆனாலும் கேட்டது.

பதினொன்று.

நோட்டில் கோடு போட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது தம்பி.

உன்னைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கேட்கவில்லை. மார்ச்சைப் பற்றியும் இனிக் கேட்க மாட்டேன். ஊருக்கு வந்துவிடு என்றும் சொல்லவில்லை, வந்தால் மச்சு அறையைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன், அவ்வளவுதான். மூன்று வாரமாக நீ கேமராவைப் போடாமலே பேசுகிறாய். நெட் சரியில்லை என்று அம்மா நம்புகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போவாள், ஏழரைக்கு முன்னால் திரும்ப மாட்டாள். இங்கே ஆறு மணி என்றால் உனக்கு மதியம் ஒன்றரை. இந்தக் கடிதம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்குக் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லைனில் இரு. அதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிடு.

அப்பா