மொட்டைமாடி வகுப்புக்கு முன் சில கேள்விகள்

அல்சூர், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. அழகுதான், ஆனால் அவற்றை வைத்து நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிறு சாயந்திரம் மொட்டைமாடியில் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு, கேலக்ஸிகளில் நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராயும் உன் வேலையைப் பற்றிச் சொல்ல ஒத்துக்கொண்டேன் இல்லையா, "முதல்ல எம் 82 கேலக்ஸி படத்தைக் காட்டும்மா, வாயைப் பிளந்துடுவாங்க" என்றாய். பிளப்பார்கள். அதற்கப்புறம் நான் சொல்கிற எதுவும் காதில் ஏறாது. ஆயுசு முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கண்ணுக்குத் தெரியாத வாயுவிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். நட்சத்திரம் பிறக்கும் மேகம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளால் ஆனது. அதன் குளிர் சைபருக்குக் கீழே 260 டிகிரி. ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் ஒட்டியிருப்பதால் அந்த மூலக்கூறு சுழன்றாலும் ரேடியோ அலை விடாது. அதை ஒளிர வைக்க வேண்டுமானால் மேகம் பல நூறு டிகிரி சூடாக வேண்டும். ஆக, இருப்பதிலேயே அதிகமான பொருள் மௌனமாக இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறீர்கள்: பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கிறது, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பேசுகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சமையல் சிலிண்டர் வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று துளியளவு நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள். நாம் முகர்வது அந்தத் துளியை, பயப்படுவது சிலிண்டரை நினைத்து. மூன்றாம் மாடிப் பெண்ணிடம் ஒத்திகை பார்த்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். "கார்பன் மோனாக்சைடு விஷமாச்சே ஆன்ட்டி" என்று கேட்டாள். அடர்ந்த வாயுவைக் கண்டுபிடிக்கத் தேடுவது ஹைட்ரஜன் சயனைடு என்றதும் அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

காற்றில் இருக்கும் நீராவி இந்தச் சின்ன அலைகளை விழுங்கிவிடும் என்பதால்தான் நீ 5,000 மீட்டர் உயரத்து அட்டகாமா பாலைவனத்துக்குப் போனாய் என்பதையும் சொல்லுவேன். அங்கே அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் 66 தட்டுகள். ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு நீ நிற்கும் படத்தைப் பாட்டியிடம் காட்டவில்லை. காட்டினால் எனக்குத்தான் தூக்கம் போகும். உன் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். அதே வயலில், பூமிக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை 1965-இல் பிடித்தார்கள். கண்ணுக்குப் படாததைத் துரத்தும் வேலை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை என்று பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

அடுத்து என்.ஜி.சி. 253 என்ற கேலக்ஸி. கரோலின் ஹெர்ஷல் 1783-இல் கண்டது, சுமார் 1.1 கோடி ஒளியாண்டு தூரம். கார்த்திகை மாதத்து முன்னிரவில் நம் தெற்கு வானத்தில் இருக்கும். எம்.ஜி. ரோடு வெளிச்சத்தில் தெரியாது, ஆனால் கிராமத்துப் பக்கம் போனால் பைனாக்குலரில் மங்கலாகப் பிடிக்கலாம். அதன் குறுக்கே இருக்கும் நட்சத்திரப் பட்டை வாயுவை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எம் 82-க்கு வேறு கதை, பக்கத்து கேலக்ஸி எம் 81 இழுத்த இழுப்பில் வாயு நடுவில் குவிந்தது. நம் பால்வீதி முழுவதும் சேர்ந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் நட்சத்திரம் செய்கிறது. 253-இன் நடுப்பகுதி மட்டுமே அந்த அளவுக்குச் செய்கிறது. 2018-இல் அங்கே தூசிக்குள் புதைந்த 14 இளம் நட்சத்திரக் கொத்துகளை அல்மா காட்டியது என்று நீதான் சொன்னாய். அதை நான் விடப்போவதில்லை.

2014-இல் லண்டன் மாணவர்கள் பயிற்சி வகுப்பின்போது எம் 82-இல் சூப்பர்நோவாவை, அதாவது நட்சத்திர வெடிப்பைப் பார்த்த சம்பவத்தைச் சொல்லச் சொன்னாய். சம்பவம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெடித்தது வெள்ளைக் குள்ளன், எரிந்து முடிந்த பழைய நட்சத்திரத்தின் மிச்சம். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரம் செத்ததற்கு அது சாட்சி ஆகாது. சேர்த்தால் பிள்ளைகள் தப்பாக முடிச்சுப் போடுவார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. சாதாரணச் சுருள் கேலக்ஸி தன் மூலக்கூறு வாயுவை நட்சத்திரமாக்கித் தீர்க்க 200 கோடி வருஷம் எடுக்கும், 253, எம் 82 மாதிரி நட்சத்திரம் சரமாரியாகப் பிறக்கும் ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸி அதைவிடப் பல மடங்கு சீக்கிரம் தீர்க்கும் என்கிறாய். அந்த வாயுவை எப்படி எடை போட்டாய்? கார்பன் மோனாக்சைடின் ஒளியை ஒரு எண்ணால் பெருக்கி. ஆனால் 253-இன் நடுவில் வாயு சூடாகவும் கொந்தளிப்பாகவும் இருப்பதால், அதே எடை வாயு கூடுதலாக ஒளிரும் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். பால்வீதிக்கான எண்ணை அங்கே போட்டால் வாயு அதிகமாகத் தெரியும். எண்ணைக் குறைத்தால் வாயு குறையும், உடனே அந்த கேலக்ஸி கொஞ்ச வாயுவிலேயே அத்தனை நட்சத்திரம் செய்யும் பெரிய சாமர்த்தியசாலி ஆகிவிடும். அப்படியானால் இந்த வேகத்தில் எவ்வளவு வாயுவின் குணம், எவ்வளவு நீ பெருக்கிய எண்ணின் குணம்?

2004-இல் யூ காவ், பிலிப் சாலமன் என்ற இரண்டு வானியலாளர்கள் 65 கேலக்ஸிகளை அளந்து, ஹைட்ரஜன் சயனைடு ஒளியும் நட்சத்திரப் பிறப்பும் நேர் விகிதத்தில் போகின்றன என்று காட்டினார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஸ்டார்பர்ஸ்டுக்குத் தனிச் சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை, அடர்ந்த வாயு கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் நம் பால்வீதியின் நடுவிலேயே அடர்ந்த வாயு ஏராளமாக இருக்கிறதே, அங்கே பிறக்கும் நட்சத்திரம் எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்குதானே? அடர்த்தி மட்டும் போதாது என்றால் வேறு எது தடுக்கிறது, கொந்தளிப்பா, காந்தப்புலமா? கண்ணை மூடிக்கொண்டு "இங்கே நட்சத்திரம் வேகமாகப் பிறக்கிறது, ஏனென்றால் வாயு நெருக்கமாக இருக்கிறது" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதோடு, தீர்கிற வாயுவெல்லாம் நட்சத்திரமாவதில்லை. 2013-இல் அல்மா பார்த்தபடி 253-இன் நடுவிலிருந்து வருஷத்துக்கு மூன்று சூரியன் எடையாவது, ஒருவேளை ஒன்பது வரை, மூலக்கூறு வாயு வெளியே வீசப்படுகிறது. பிறந்த நட்சத்திரங்களே தங்கள் தீனியைத் தள்ளிவிடுகின்றன. இதைக் கேட்டதும் உன் அத்தை "சீக்கிரம் எரிஞ்சா சீக்கிரம் அணையும்" என்று வாழ்க்கைத் தத்துவத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அது வேண்டாம். போன வாயு திரும்பி விழுமா, அப்படியே தப்பிவிடுமா, அதைச் சொல்.

உன் பதில் வரும்வரை "வேகம்" என்று சொல்லுவேன், "திறமை" என்று சொல்ல மாட்டேன். வாட்ஸாப்பில் துண்டு துண்டாக அனுப்பாதே, உட்கார்ந்து எழுது. ஞாயிறு மத்தியானத்துக்குள் வந்தாக வேண்டும். படங்களில் எந்த நிறம் எந்த வாயு என்றும் குறித்து அனுப்பு, கடைசியில் காட்டிக்கொள்கிறேன். ஜூலையில் வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அப்பா டிக்கெட் விலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா