சொல்லச் சொல்ல எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால், பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டு, தாங்கள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் தேடி அலைகிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளில் அதற்கென ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். கல்லூரியில் பெரும்பாலும் மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதக்கூடிய இளைஞர்களுக்கோ அதே நாளில் சொந்தத் தேர்வு, இல்லையென்றால் வேலை. பகலில் வீட்டில் இருப்பது என்னைப் போன்ற தாய்மார்கள்தான்.

நான் யாழ்ப்பாணத்தவள். 1990இல் இரண்டு பிள்ளைகளோடு படகில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, வளசரவாக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். வாடகை, பள்ளிக் கட்டணம், காவல் நிலையப் பதிவு என்றே காலம் ஓடியது. பிள்ளைகள் இப்போது டொரண்டோவில். அவர்கள் போன பிறகு, ஒருத்திக்காக இடியப்பம் பிழிய மனம் வரவில்லை. காலைச் சாப்பாடு வெறும் தேநீர் என்றாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் தங்கியிருந்த பி.ஏ. வரலாறு மாணவி ஒருத்தி ஆள் கிடைக்காமல் தவிப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை.

இது லேசான வேலை அல்ல. வினாத்தாளை முதலில் முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும், மதிப்பெண் உட்பட. அதை வைத்துத்தான் எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று அவள் கணக்குப் போடுவாள். அவள் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். தவறு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறார்கள். முடிவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். பானிபட் போர்களை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தவள், “அம்மா, கடைசி வரியை வாசிங்க” என்பாள். வாசித்ததும் விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடர்வாள். அவள் வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்க வேண்டுமே என்று வீட்டில் தினமும் எழுதிப் பழகினேன். அப்புறம் அவளுடைய பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பவும் தொடங்கினேன். என் யாழ்ப்பாணப் பேச்சு புரியுமா என்று தயங்கினேன். நிறுத்தி நிறுத்தி வாசிப்பது நன்றாக இருக்கிறது என்று அவளுடைய தோழிகளும் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு கல்லூரியில் மட்டும், நான் எதுவரை படித்திருக்கிறேன் என்று கேட்டு, என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நான் படித்தது இலங்கையின் ஏ.எல்.; இங்கே பிளஸ் டூ மாதிரி. ஊரிலிருந்து வரவழைத்த சான்றிதழ் கையில் இருந்தும், ஏ.எல். என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மணி அடிக்கும் நேரத்தில், நான் எழுதித் தரப் போன பிள்ளை வாசலில் நின்று அழுதது. படித்ததையெல்லாம் மறக்கடிக்க அந்தப் பதற்றமே போதும்.

எழுதுபவர்களின் பட்டியலைத் தேர்வு நடத்துபவர்களே வைத்திருக்கலாம், அப்படி ஏற்பாடு செய்யும்போது மாணவர் இரண்டு நாள் முன்பே எழுதுபவரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளே சொல்லியிருந்தன. சென்னையிலுள்ள பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இதைச் செய்ய வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே எங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து அடையாள அட்டை கொடுத்துவிட்டால், தேர்வன்று வாசலில் வாக்குவாதம் இருக்காது.

பட்டியல் போடுவதாக எந்தக் கல்லூரி அறிவித்தாலும், எங்கள் தெருவிலிருந்து ஐந்து பெண்கள் பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தமிழிலும் எழுதுவோம், ஆங்கிலத்திலும் எழுதுவோம். பணம் வேண்டாம்.

ஒரு வாசகி,
வளசரவாக்கம், சென்னை.