திரையைக் கொஞ்சம் விலக்கி வை

அன்புள்ள கண்ணா,

இன்று உன் ஊரில் மாலை 4.35க்குச் சூரியன் மறைகிறது. போன வாரம் இதே கிழமையில் 4.47. கைப்பேசியில் நம் ஊர் வானிலைக்குக் கீழே உன் ஊரையும் சேர்த்து வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். "அவன் ஊர் சூரியனுக்கு நீதான் கணக்குப்பிள்ளையா?" என்று அப்பா கேலி செய்கிறார். செய்யட்டும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாக இருந்ததாம். அதற்குப் பிறகு உன் பக்கம் பகல் நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தேய்ந்துகொண்டே வருகிறது. இங்கே அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையும் நீ கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசினாய். ஐந்தாவது வாரம். நான் எண்ணவில்லை, அப்பா எண்ணினார். போன மாதம் கை தவறி ஒரு நொடி திறந்துகொண்டதே, அப்போது பார்த்தேன். நடுப்பகல், ஜன்னலில் கனத்த திரை, உள்ளே விளக்கும் இல்லை. "தூங்கி எழுந்தாயா?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை அம்மா" என்றாய். சரி, அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன வருடம் இந்த நாட்களில் எத்தனை படங்கள் அனுப்பினாய்! பூங்காவில் சருகைக் குவித்து அதில் குதித்த படத்தைச் சித்தி இன்னும் எல்லோரிடமும் காட்டுகிறாள். "இலை மஞ்சளாக மாறவில்லை அம்மா, மஞ்சள் முன்பே உள்ளே இருந்தது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்" என்று எனக்கே பாடம் எடுத்தாய். ஆனால் சிவப்பு அப்படி இல்லை, அதை இலை கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது என்றாய். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும் என்றும் சொன்னாய். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் படத்தின் ஓரத்தில் இரண்டு ஜோடிக் காலணிகள் இருந்தன. காலணிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று ஆகஸ்டிலேயே உன்னிடம் சொல்லிவிட்டேன், இதுவரை கேட்கவும் இல்லை. நான் சொல்வது இலையை மட்டும்தான். இந்த வருடம் ஒரு படம்கூட வரவில்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் பெரும்பாலான மரங்கள் மொட்டையாகிவிடும். அதற்குள் ஒருநாள் வெளியே போய்விட்டு வா. வேலைக்குப் பிறகு போகலாம் என்று வைக்காதே, அதற்குள் இருட்டிவிடுகிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போ. மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. மூட்டமான பகலில்கூட வெளியில் உள்ள வெளிச்சம் அறை விளக்கைப் போலப் பல மடங்கு. சருகில் காலை இழுத்து இழுத்து நட. சிறு வயதில் அந்தச் சத்தத்துக்காகவே செருப்பைத் தேய்த்துத் தீர்த்தவன் நீ. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். காதையும் மூடிக்கொள்.

வீட்டுக்குள் செய்வதற்கும் எவ்வளவோ இருக்கிறது. பூசணியை வேகவைத்து மசித்து ஒரு சூப் வை. ஆப்பிளை நறுக்கிப் பட்டைத்தூள் தூவி அடுப்பில் வாட்டினால் வீடே மணக்கும் என்கிறார்கள். ஒருவனுக்காக இதெல்லாம் எதற்கு என்று நினைப்பாய். ஒருவனுக்காகத்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிடு, தாயக்கட்டையோ சீட்டோ எதையாவது எடுத்துப் போடு. வெட்டுத்துண்டுப் படம் அடுக்கும் விளையாட்டு ஒன்று மேசையில் பாதியில் கிடந்தால் போதும், வருகிறவர்கள் பேச்சுக்கே தவிக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் அணைத்துவிட்டுத் தூங்கு. திரைக்குப் பக்கத்தில் வைக்காதே. திரையைத் திறந்து வைத்தால் அந்தப் பயமே இல்லை.

பின்னல் வேலைக்குச் சிரிப்பாய் என்று தெரியும். சிரி. கை வேலையாக இருந்தால் தலை கொஞ்சம் சும்மா இருக்கும், எனக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் அதில் இருக்கிற ரகசியம்.

இன்னொன்று, துலிப் கிழங்கு. வசந்தத்தில் பூக்கிறதை இப்போதுதான் நட வேண்டுமாம். தொட்டியிலும் வைக்கலாம். கூரான முனை மேலே இருக்க வேண்டும், கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் புதைக்க வேண்டும். பன்னிரண்டு வாரமாவது குளிரில் கிடக்காவிட்டால் சரியாகப் பூக்காது. உடனே முகத்தைச் சுளிக்காதே, இதில் உபதேசம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை. கிழங்கின் குணம் அப்படி. ஐந்து கிழங்கு வாங்கி வை.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, எனக்கு அதில் வெட்கமே இல்லை. அந்த வயதில் அப்பாவுக்குக்கூடக் கிடைக்காதது. ஆனால் அதை என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். "மறந்துவிட்டேன்" என்றாய். இதையெல்லாம் மறக்கிற பிள்ளையா நீ? அன்று முழுவதும் சந்தோஷமும் அதுவுமாக எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் ஒன்று எழுதுகிறேன். பொதுவாகப் படித்தது, உனக்காகத் தேடியது இல்லை. பகல் குறைகிற மாதங்களில் சிலருக்கு மனம் இறுகிப்போகுமாம். தூக்கம் கூடும், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை கூடும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. பருவகால மனச்சோர்வு என்று 1984இல்தான் மருத்துவர்கள் இதை விவரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கென்றே 10,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் தரும் விளக்குகள் கிடைக்கின்றனவாம், காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. வாங்குவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடு. கேட்கப் போகும்போது மற்றதையும் சொல்லிவிட்டு வா. வெளிச்சத்தால் வந்தது இல்லையென்றாலும் அவரிடம் சொல்லலாம். எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.

பொதுவாகப் படித்தேன் என்று மேலே எழுதியது பொய். மூன்று இரவுகள் தேடினேன்.

அந்த இருட்டு அறையை ஒரு நொடிதான் பார்த்தேன் என்றேன் அல்லவா? பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பெரியம்மா வந்து தங்கியிருந்த அந்த நான்கு மாதம் நம் வீட்டில் ஓர் அறை அப்படித்தான் இருந்தது. தலைவலி என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ பதினொன்றாம் வகுப்பு. சீருடையை நீயே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாய். எந்த இலையைக் காட்டினாலும் அம்மா பெயர் சொல்லிவிடுவாள் என்று உனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு மாலை, காய்ந்த இலைகளை ஒட்டிப் பெயர் எழுதும் ஹெர்பேரியம் நோட்டோடு வந்து கதவைத் தட்டினாய். "அம்மா, இது ஒன்றுதான் தெரியவில்லை." நான் கதவைத் திறக்கவில்லை. "ஒன்றும் இல்லை, பிறகு பார்க்கலாம்" என்றேன். நீ கேட்டது என் உடம்பைப் பற்றி இல்லை, ஓர் இலையைப் பற்றி. அதற்கு நான் சொன்ன பதிலைப் பார்த்தாயா? கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாய். உன் கால் நிழல் கதவுக்கு அடியில் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு போய்விட்டாய்.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முப்பது தாள். இருபத்தொன்பதில் பெயர், குடும்பம், பறித்த தேதி எல்லாம் உன் குண்டுக் கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் இலை ஒட்டியிருக்கிறது, கீழே வெறும் கோடு. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அது புங்கன், கண்ணா. இத்தனை வருடத்தில் பேனாவை எடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெரியம்மா ஒருநாள் கேட்காமல் உள்ளே வந்து திரையை விலக்கினாள். எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன். மறுநாளும் வந்து விலக்கினாள். அடுத்த வாரம் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அது தலைவலிக்கான மருத்துவர் இல்லை. உன்னிடம் வந்து விலக்க எனக்கு அவ்வளவு நீளமான கை இல்லை. டிக்கெட் விலையை அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று நீ சொன்னால் வரமாட்டோம், ஆனால் நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மாமாவின் முழங்கால், மாடி வீட்டுச் சண்டை எல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது ஒன்றே ஒன்று செய். கீழே கிடக்கிற இலையில் ஈரமில்லாத ஒன்றை எடுத்துச் செய்தித்தாள் மடிப்புக்குள் வை. மேலே தடித்த புத்தகம் நான்கைந்து அடுக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தாளை மாற்று, இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். இதெல்லாம் உனக்கே தெரியும். பத்து, பதினைந்து நாளில் காய்ந்துவிடும். உறையில் போட்டு அனுப்பு. பெயர் தெரியாவிட்டால் எழுதாதே, கோடு மட்டும் போட்டு அனுப்பு.

நாளை உன் ஊரில் சூரிய உதயம் 7.03.

அம்மா