பகல் பதினொரு மணி எங்களுக்கு நடுச்சாமம்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கும், விடுதி வார்டன் அம்மாவுக்கும், முழு நைட் பட்டியலில் இருப்பவர்கள் எழுதிக்கொள்வது.

வணக்கம். ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். தவிர, கோவைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் விடுதி வைத்து நூல் மில் நடத்துகிறவர்கள் பலர் தங்களுக்கு வந்த கடிதம் என்று நினைத்துக்கொண்டாலும் எங்களுக்கு மறுப்பில்லை.

திங்கட்கிழமை பலகையில் ஒட்டிய தாள்தான் விஷயம். "வியாழன் காலை 11 மணிக்குப் பாதுகாப்புப் பயிற்சி. மூன்று ஷிஃப்ட்டும் கட்டாயம் வர வேண்டும். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்." அதற்குக் கீழே தலைப்பு: "இரவுப் பணியில் விழிப்புடன் இருப்பது எப்படி?"

முழு நைட்டில், அதாவது நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை, நூற்கும் ஃபிரேம்களின் சைடு பார்த்துவிட்டு வந்து படுத்தவர்களை எழுப்பி உட்கார வைத்து, தூங்காமல் இருப்பது எப்படி என்று சொல்லித் தரப் போகிறீர்கள். நாங்கள் கேலி செய்ய இதில் மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை. அதனால் கோரிக்கையையே முதலில் வைத்துவிடுகிறோம்: முழு நைட் பார்க்கிறவர்களைக் காலை 9.30 முதல் மாலை 4.30 வரை எதற்காகவும் எழுப்பாதீர்கள். வகுப்புக்கு, கூட்டத்துக்கு, கையெழுத்துக்கு, தலை எண்ணுவதற்கு, சோற்றுக்கு, எதற்கும் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. 11 மணிக்கு எழுப்பப்பட்டவர் அடுத்த ஷிஃப்ட்டில் விடியற்காலை 4 மணிக்கு நிற்கும்போது விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு உச்சவரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். குடித்துவிட்டு வந்தவரை நீங்கள் கேட்டிலேயே திருப்பி அனுப்புவீர்கள். பதினோரு மணி வகுப்புக்கு வந்துபோனவரை வரவேற்று நான்கு ஃபிரேம் கொடுப்பீர்கள்.

அந்த நான்கு மணிதான் உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும் நேரம். இழை அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அழுத்தி, நூல் சுற்றிய கண்டைத் தூக்கி, நுனியைத் தேடி, டிராவலர் என்கிற சின்னக் கம்பி வளைவில் மாட்டி, முன் ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். விழிப்பாக இருக்கும் கைக்குச் சில வினாடி வேலை இது. தூக்கக் கலக்கத்தில் நுனி முதல் தடவையில் அகப்படாது. அதற்குள் பக்கத்தில் இரண்டு அறுந்திருக்கும். அறுந்த பஞ்சை உறிஞ்சு குழாய் இழுத்துக்கொள்ளாத இடத்தில் அது ரோலரில் சுற்றிக்கொள்ளும். கொக்கியால் கிழித்து எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் நூற்புக் கதிர்களுக்குப் பக்கத்தில், கண் செருகும் நேரத்தில், கையில் கொக்கி. பாதுகாப்பு வகுப்பின் முதல் பாடமாக இதைத்தான் வைத்திருக்க வேண்டும். வகுப்பை வைத்த நேரமே அந்தப் பாடத்துக்கு எதிராக இருக்கிறது.

"வகுப்பு முடிந்து ஒரு மணிக்குத் திரும்பப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று மேனேஜர் ஐயா கேட்டதாகக் கேள்விப்பட்டோம். படுக்கலாம். தூக்கம்தான் வராது. ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் உடம்பின் கடிகாரம் தன் போக்கில்தான் போகும். காலையிலிருந்தே உடம்புச் சூடு ஏறத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் விழுகிற வெயிலும் அதற்கு "பொழுது விடிந்துவிட்டது" என்று சொல்லிவிடும். அதனால்தான் பகல் தூக்கம் எப்போதும் மெல்லிய தூக்கம். ஐந்தாறு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தாலே பெரிய விஷயம். நடுவில் ஒருமுறை கலைந்தால், ஒரு மணி வெயிலில், காங்கிரீட் கூரைக்கு அடியில், அது திரும்பி வராது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர் திரும்பித் தூங்கிவிடுவார். பகலில் எழுந்தவரின் கதை வேறு.

வகுப்பு என்னவோ மாதத்தில் ஒருநாள். தினமும் நடப்பது ஒன்று இருக்கிறது: மதியச் சாப்பாடு.

மெஸ்ஸில் மதியச் சாப்பாடு 12 முதல் 1.30 வரை. அரை நைட் (மாலை 4 முதல் நள்ளிரவு 12 வரை) போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும், சமையல்காரர்கள் சற்றுத் தலை சாய்க்க வேண்டும். அந்த நேரம் ஏன் என்று எங்களுக்கும் புரிகிறது. ஆனால் முழு நைட் முடித்தவர் எட்டரைக்கு டிபன் சாப்பிட்டு, குளியலறை வரிசையில் நின்று, தலையில் ஒட்டிய பஞ்சை அலசிவிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிறார். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிறது. எழுந்தால் தூக்கம் மூன்று மணி நேரத்தோடு முடிந்தது. எழாவிட்டால் எட்டரைக்குச் சாப்பிட்ட இட்லிக்குப் பிறகு இரவு ஏழரை மணிச் சாப்பாடுதான். நடுவில் பதினொரு மணி நேரம் வயிறு காலி. சோறா, தூக்கமா என்று தினமும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்.

இதற்கு அறைகளில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் முறை வைத்து எழுந்து, மற்ற ஐந்து பேருக்கும் தூக்கில் வாங்கி வந்து மூடி வைப்பது. ஒருவரின் தூக்கம் போனாலும் ஐந்து பேரின் தூக்கம் மிஞ்சும். "சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோகக் கூடாது, எறும்பு வருகிறது" என்று போன மாதம் அதையும் நிறுத்தினீர்கள். இப்போது தலையணைக்கு அடியில் பிஸ்கட் இருக்கிறது. எறும்பு அதற்கும் வருகிறது.

பன்னிரண்டு மணிச் சோற்றை எடுத்து மூடி வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சித்திரை வைகாசியில் நான்கரைக்கு அந்தச் சாம்பார் நுரைத்திருக்கும். பகல் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்கு டீயும் சுண்டலும் போட எப்படியும் மூன்றரைக்கு அடுப்பு பற்றவைக்கிறீர்கள். அதே அடுப்பில் நான்கு மணிக்கு ஓர் உலை. முழு நைட்டில் 40 பேர் என்றால் ஆளுக்கு 150 கிராம் வீதம் 6 கிலோ அரிசி. ஒரு குழம்பு, ஒரு பொரியல். மதியத்துக்குப் பொங்கும் அரிசியில் அந்த ஆறு கிலோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் அரிசி தேவையில்லை, கூடுதல் வேலை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியைச் சமையல் அம்மாக்களுக்குத் தவறாமல் கொடுங்கள். எங்கள் தூக்கத்தை அவர்கள் உழைப்பிலிருந்து திருடிக் கேட்கவில்லை.

இனி அறை. இப்போது ஒவ்வோர் அறையிலும் மூன்று ஷிஃப்ட்காரர்களும் கலந்து இருக்கிறார்கள். அரை நைட் போகிறவர் பத்து மணிக்கு எழுந்து டியூப்லைட் போடாமல் எப்படித் தலை வாருவார்? அவர் மேல் தப்பில்லை. அறை ஒதுக்கியதில்தான் தப்பு. முழு நைட் ஆட்களைத் தனி அறைகளில் போடுங்கள். அந்த அறைகள் தரைத்தளத்தில், வடக்கு பார்த்த பக்கத்தில், குளியலறைக்கும் மெஸ்ஸுக்கும் எட்டத்தில் இருக்கட்டும். மேல்மாடி வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும்போது அறையும் மாற வேண்டுமே என்பீர்கள். ஆட்கள் மாறட்டும், பெட்டி படுக்கையோடு போகிறோம். இருட்டு மட்டும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

இருட்டு என்றால் திரை மாட்டுவதல்ல. இப்போது இருக்கும் பூப்போட்ட திரை கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாகத் தெரிகிற வெளிச்சத்தை நிறுத்தாது. நான்கடிக்கு நான்கடி ஜன்னலுக்கு 58 அங்குல அகலக் கறுப்புத் துணி ஒன்றரை மீட்டர் எடுத்தால் சுற்றிலும் ஐந்து அங்குலம் சட்டத்துக்கு வெளியே நிற்கும். இரண்டு மடிப்பாக மூன்று மீட்டர். மேலே கம்பியில் கோத்துவிட்டு, இரண்டு பக்கமும் கீழும் வெல்க்ரோ தைத்துச் சுவரோடு ஒட்ட வேண்டும். வெளிச்சம் துணி வழியாக வருவதைவிட ஓரம் வழியாக வருவதுதான் அதிகம். ஒட்டாமல் விட்டால் காற்றில் துணி ஆடும்போதெல்லாம் முகத்தில் மின்னல் அடிக்கும். கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தால் வராந்தா வெளிச்சமும் சத்தமும் பாதி குறையும். ஜன்னலை இப்படி மூடினால் காற்று வராது, எனவே மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். சீராக ஓடுகிற அதன் இரைச்சல் வெளிச் சத்தத்தையும் அமுக்கும். தைக்க ஆள் தேட வேண்டாம். பகல் ஷிஃப்ட்டில் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துணி மட்டும் வாங்கிக் கொடுங்கள். நூல் மில்லில் துணி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

காதடைப்பானும் ஒரு ஜோடி தனியாக வேண்டும். ஷெட்டில் எட்டு மணி நேரம் வைத்திருந்ததையே படுக்கையிலும் வைத்தால் அதிலிருக்கும் பஞ்சுத் தூசி காதுக்குள் போகும். விரலால் உருட்டிச் சிறிதாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருந்தால்தான் உள்ளே விரிந்து அடைக்கும். இதையும் அந்த வகுப்பில் சொல்லித் தரலாம்.

டீ விஷயம் சுருக்கமாக: ஷிஃப்ட்டில் கேன்டீன் டீ விடியற்காலை ஐந்தரைக்கு வருகிறது. அதன் வேகத்தில் பாதி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். இரண்டு மணிக்கு அனுப்புங்கள், ஐந்தரைக்கு வெந்நீர் போதும்.

1990-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) இரவுப் பணிக்கென்று வெளியிட்ட பரிந்துரையில், இரவு வேலை செய்கிறவர்களின் ஓய்வு கெடாதபடி அவர்கள் தங்குமிடத்தில் சத்தத்தைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இரவுப் பணி மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தியது, 2019-ல் மீண்டும் அதையே உறுதி செய்தது. இவையெல்லாம் தெரியாதவர்கள் அல்ல நீங்கள். நூல் வாங்கும் வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு வரும் வாரத்தில் வராந்தாவில் "அமைதி காக்கவும்" என்று மூன்று பலகைகள் எப்படியோ முளைத்துவிடுகின்றனவே. கெஸ்ட் ஹவுஸில் விருந்தினர் தூங்கும்போது ஜெனரேட்டரைக்கூட மெதுவாக ஓடச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

இந்த நாட்டில் பகலில் தூங்குகிறவரை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபல், பகலில் 55. ஒலிபெருக்கித் தடையும் அந்த இரவுக்குத்தான். ஆடி மாதம் அம்மன் கோவில் குழாய் காலை ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு, அனுமதி வாங்கியிருந்தால், சட்டப்படியே கூவலாம். ரேஷன் கடை, வங்கி, அரசு மருத்துவமனை வெளிநோயாளி சீட்டு, எல்லாம் எங்கள் நடுச்சாமத்தில். போதாததற்கு, பத்து மணிக்குப் படுத்திருக்கிறவரைப் பார்த்து "மூதேவி பிடிச்ச மாதிரி தூங்குறா" என்று விடுதியிலேயே சொல்கிறார்கள். கோவை வட்டாரத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களில் வந்த பிறகுதான் மில்கள் பெருகின. ராத்திரியைப் பகலாக்கிக் கொடுத்தார்கள். பகலை ராத்திரியாக்கித் தர யாரும் நினைக்கவில்லை.

மன்னிக்க வேண்டும், கோவில் குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் நீங்கள் பொறுப்பல்ல. பலகைக்கும் மணிக்கும் மெஸ்ஸுக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே பணிவாக மறுபடியும் கேட்கிறோம்: காலை 9.30 முதல் மாலை 4.30 வரை முழு நைட் ஆட்களை எழுப்பாதீர்கள். வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாலை ஐந்தேகாலுக்கு, சாப்பிட்ட பிறகு வையுங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் போடுங்கள். அரை நைட்காரர்களுக்குக் காலையில் தனியாக நடத்தலாம். ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்துவது பயிற்சியாளருக்குச் சிரமம்தான். நாலு மணிக்குக் கொக்கி பிடிக்கும் சிரமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் மாற்றும்போது பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கி மாற்றுங்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளவும். இப்போது தலைகீழாக மாற்றுகிறீர்கள். உடம்புக்குத் தள்ளிப் படுப்பது முடியும், முன்னதாகப் படுப்பதுதான் முடியாது.

வியாழக்கிழமைத் தாளில் 11-ஐ அடித்து 5.15 என்று எழுதினால் எல்லோரும் வருவோம், யாரும் கொட்டாவி விடமாட்டோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வார்டன் அம்மா அறைக்கு வருவதானால் நான்கரைக்கு மேல் வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முழு நைட் பட்டியலில் உள்ளவர்கள்