உன் பட்டியலில் பாதியை வெட்டியிருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. காலை எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்பி, புலிக்குகை, கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, ராத்திரிச் சாப்பாடு புதுச்சேரியில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கியிருக்கிறாய். இப்படிப் போனால் உன் ஆபீஸ்காரர்கள் நாலு பேரும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் நன்றாகப் பார்ப்பார்கள். சம்பந்தி அம்மா மத்தியானத்துக்கு மேல் காரை விட்டு இறங்க மாட்டார்கள்.

புதுச்சேரியை எடுத்துவிடு. அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். மாமல்லபுரத்திலேயே ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் முழுவதும் ஊருக்குள். மறுநாள் காலை தெற்கே இரண்டு கோட்டை, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

முதலில் தேதி. பொங்கலை ஒட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. நாலு மாவட்டத்து ஜனமும் அங்கேதான் இருக்கும், சிற்பத்துக்கு முன்னால் நிற்கவே இடம் கிடைக்காது. மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூர் போகிற பக்தர்களின் பஸ்களும் வரிசையாக வந்து நிற்கும். ஜனவரி 20 தாண்டி, செவ்வாயோ புதனோ பார்த்து வைத்துக்கொள்.

டிக்கெட் விஷயம். கடற்கரைக் கோயிலுக்கு வாங்குகிற டிக்கெட்டே அன்று ஐந்து ரதத்துக்கும் செல்லும். காலையில் வாங்கியதைச் சாயங்காலம் வரை பத்திரமாக வைத்திரு. இதைத் தொலைத்துவிட்டு இரண்டாம் தடவை காசு கொடுப்பவர்கள் தினமும் உண்டு. கவுன்டரில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆன்லைனில் எடுத்தால் 35, 550. கட்டணம் மாறியிருக்கலாம், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள். 15 வயதுக்குக் கீழே இலவசம். உன் ஓசிஐ கார்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டையை, காட்டினால் உனக்கு நம்மூர்க் கட்டணம்தான். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கார்டு கையில் இருக்க வேண்டும். வாசலில் சிக்னல் இழுக்கும், அதனால் முந்தின நாள் ராத்திரியே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள். ட்ரோன் கூடாது. முக்காலி ஸ்டாண்டுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இனி எந்த இடத்தை எப்போது பார்ப்பது என்பது. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கார் நிறுத்த எது தோதோ அங்கே முதலில் இறங்குகிறார்கள். புடைப்புச் சிற்பத்துக்கு வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். நேரே முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும், வெயிலே இல்லாவிட்டால் சாம்பல் பாறை மட்டும்தான். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் வரிசை போட வேண்டும்.

கடற்கரைக் கோயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். தை மாதம் சூரியன் வர ஆறரை ஆகும். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். மேற்கிலிருந்து நடந்து போவதால் முதலில் கோயில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் வந்துவிடு. பெரிய விமானம் கிழக்கே கடலைப் பார்க்கிறது, சின்னது மேற்கே பார்க்கிறது. இரண்டும் சிவனுக்கு. இரண்டுக்கும் நடுவே இடுக்கில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கியது. அவரைப் பார்க்காமலே திரும்பி வருபவர்கள்தான் அதிகம். மற்றதெல்லாம் கல் மேல் கல் அடுக்கிக் கட்டியது, ராஜசிம்ம பல்லவன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். வடக்குப் பக்கம் படிக்கட்டு இறங்குகிற ஒரு சின்னக் குளம், அதற்குள் ஒரு குட்டிச் சன்னதி, பக்கத்தில் ஒரு வராகம். இவை மணலுக்கடியில் கிடந்து 1990-இல் வெளியே வந்தவை.

சுவரில் உள்ள உருவங்கள் தேய்ந்து, மூக்கும் விரலும் கரைந்த மாதிரி இருக்கும். உன் சிநேகிதர்கள் கட்டாயம் ஏன் என்று கேட்பார்கள். உப்புக்காற்றுதான். உப்பு நீர் கல்லின் நுண்துளைக்குள் போகிறது, காய்கிறபோது உள்ளேயே படிகமாகி விரிகிறது, மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிகிறது. தொல்லியல் துறை இதற்குக் காகிதக்கூழ் வைத்தியம் செய்கிறது. நனைத்த காகிதக்கூழைச் சுவரில் அப்பிக் காயவிடுவார்கள். கூழ் காயக் காய உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும், பிறகு உரித்து எடுத்துவிடுவார்கள். கடலோரம் கொட்டியிருக்கும் பாறைகளும் சுற்றியுள்ள சவுக்குத் தோப்பும் இந்தக் கடலிலிருந்தும் காற்றிலிருந்தும் கோயிலைக் காக்கத்தான்.

எட்டு மணிக்கு வெளியே வந்து டிபன் சாப்பிடுங்கள். கடலில் யாரையும் இறங்கவிடாதே. கரையிலேயே இழுவை அதிகம், நீந்தத் தெரிந்தவரையும் வாரிக்கொண்டு போகும்.

ஒன்பது மணிக்கு அர்ச்சுனன் தபசு. கிழக்கே பார்த்த பாறை முழுக்கச் செதுக்கிய புடைப்புச் சிற்பம். விடிந்தவுடன் வெயில் நேரே அடிக்கும், ஒன்பதுக்கு மேல் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வோர் உருவமும் எழுந்து வரும். மத்தியானம் முழுப்பாறையும் நிழல். சுமார் 30 மீட்டர் நீளம், எங்கே தொடங்குவதென்று தெரியாமல் கண் அலையும். நடுவில் உள்ள பிளவைப் பிடித்துக்கொள். பிளவில் நாகர்கள் மேலே ஏறுகிறார்கள். பாறையின் உச்சியில் தொட்டி இருந்த அடையாளம் உண்டு, அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பிளவுக்கு இடப்பக்கம் ஒருவர் ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு எண்ணிவிடலாம் போல நிற்கிறார். பக்கத்தில் சிவன். இவர் சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்கும் அர்ச்சுனனா, கங்கையைக் கேட்கும் பகீரதனா என்பது தீராத வழக்கு.

அடுத்து வலப்பக்கம் பெரிய யானையண்டை வந்து கீழே குனிந்து பார். ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை அந்தத் தபசியைப் போலவே தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. அதற்கும் விலா எலும்பு தெரியும். சுற்றிலும் எலிகள், கையெடுத்துக் கும்பிட்டபடி. மேலே செதுக்கிய அதே நிலையைக் கீழே பூனைக்கு வைத்த சிற்பி என்ன நினைத்துச் சிரித்திருப்பானோ! இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கு. வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு மூன்று நிமிடம் போதும், தாங்கிப் பிடிப்பது போல் ஆளுக்கொரு படம், அவ்வளவுதான்.

கைடு வைத்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள். ஆனால் வாசலில் முதலில் ஓடிவருபவரை அல்ல. கழுத்தில் சுற்றுலாத் துறை அட்டை இருக்கிறதா, படம் அவருடையதுதானா என்று பார். பேசி முடிக்கும்போது நாலு விஷயம் தெளிவாகட்டும்: எந்த மொழி, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், பணம் ஆள் கணக்கா மொத்தமா. "பார்த்துக் கொடுங்க" என்பவரிடம் ஒரு தொகையைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஆளை எடைபோட ஒரே கேள்வி கேள்: இது அர்ச்சுனனா, பகீரதனா? இரண்டு கட்சியையும் சொல்லி, எதனால் என்று பாறையில் காட்டுபவர் தேறுவார். ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லிவிட்டு "அடுத்து வாங்க" என்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. ஐந்து ரதத்தில் பாண்டவர்கள் குடியிருந்ததாகச் சொன்னாலும் அப்படியே. அந்தப் பெயர்களெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டியவை.

சுற்றிக்காட்டிவிட்டுச் சிற்பக்கடைக்குக் கூட்டிப்போவார்கள். அவர்களுக்குக் கடையில் கமிஷன் உண்டு. கோபப்பட வேண்டாம், கடை வேண்டாமென்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். வாங்குவதானால் மாக்கல்லைக் கருங்கல் என்று சொல்லி விற்கிறார்களா என்று பார். அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினால் மாக்கல்லில் வெள்ளைக் கோடு விழும், கருங்கல்லில் நகம்தான் தேயும். விமானத்தில் கொண்டுபோக விடும் எடையையும் யோசித்துக்கொள்.

பத்தரைக்கு மேல் குன்றின் மேல் உள்ள மண்டபங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், இரண்டு போதும்: வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம். இரண்டாவதில் ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை பாய்கிறாள், எருமைத்தலை அசுரன் கதையோடு பின்வாங்குகிறான். எதிர்ச் சுவரில் பெருமாள் நிம்மதியாகத் தூங்குகிறார். நடுவில் நின்று மாறி மாறிப் பார்க்கச் சொல். உள்ளே இருட்டாக இருந்தால் போன் டார்ச்சைச் சிற்பத்துக்கு நேரே அடிக்காதே. சுவரைத் தொடாமல் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து ஒவ்வொரு மடிப்பும் தெரியும்.

குன்றுப் பாறை காலங்காலமாக நடந்து நடந்து வழவழவென்று ஆகிவிட்டது. தோல் செருப்பும் ஷூவும் வழுக்கும், ரப்பர் அடிதான் பிடிக்கும். சம்பந்தி அம்மா மேலே ஏற வேண்டாம். அவர்களுக்கு இன்னொரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடு: இந்தப் பல்லவர் சின்னங்கள் எதிலும் பூஜை கிடையாது. தேங்காய் பழத்தோடு வந்தால் ஏமாந்துபோவார்கள். தபசுக்குப் பக்கத்திலேயே தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது, 108 திவ்யதேசத்தில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. ஆதிசேஷன் இல்லாமல் தரையிலேயே படுத்திருக்கிறார். நீங்கள் குன்றில் இருக்கும் நேரத்தில் அவர்கள் நிதானமாகச் சேவித்துவிட்டு வரலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பதினொன்றுக்குள் போகட்டும்.

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை அறையில் படுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

மூன்றரைக்கு ஐந்து ரதம், பாறையையே ரதம் போலச் செதுக்கிய கோயில்கள். தபசிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோ பிடியுங்கள். வரிசையாக நிற்கும் நாலு ரதமும் மேற்கே பார்த்தவை, சாயங்கால வெயில் அவற்றுக்கென்றே வருவது. காலையில் வருபவர்களுக்கு முகப்பெல்லாம் நிழல். உள்ளே நுழைந்ததும் ஒரு கல்யானையின் பின்புறம்தான் கண்ணில் படும், அடுத்து நகுல சகதேவ ரதத்தின் பின்புறம். அங்கேயே நில். யானையின் முதுகு வளைவையும் ரதத்தின் கூரை வளைவையும் சேர்த்துப் பார். இந்த வடிவத்துக்குத் தமிழில் பெயரே தூங்கானை மாடம். விளக்கவே தேவையில்லை, யானையைச் செதுக்கிப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

தர்மராஜ ரதத்தில் மேல்தளங்கள் முடிந்திருக்கும், கீழ்த்தளம் கரடுமுரடாக நிற்கும். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்ததால் விட்ட வேலை எப்போதும் அடியில்தான் இருக்கும். சாரம் கட்டத் தேவையில்லை, தவறினால் மாற்றுக் கல்லும் இல்லை. முடிந்த இடங்களைக் காட்டிலும் முடிக்காமல் விட்ட இடங்களில்தான் அந்தத் தொழில் பிடிபடும் என்பது என் கட்சி. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், காவலர் விசில் ஊதுவார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெற்கே கிளம்புங்கள். சதுரங்கப்பட்டினம் சுமார் 15 கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் துணி வாங்கி ஏற்றிய துறைமுகம், செங்கல் கோட்டை. உள்ளே அவர்களுடைய கல்லறைகள், கல் பலகைகளில் ஆழமாக வெட்டிய எழுத்து. அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலரைத் தேடிக் கேளுங்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இதற்கு எதிரே கடலில்தான் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் மோதின. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும். முக்கால் மணி போதும்.

ஆலம்பரை கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். நவாப் காலத்துக் கோட்டை, 1750-இல் பிரெஞ்சுக்காரரான துய்ப்ளேவுக்குப் போனது, 1760-இல் இங்கிலீஷ்காரர்கள் இடித்தார்கள். மிச்சம் சில மதிலும் உப்பங்கழியும்தான். நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறுவதானால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். மதில் மேல் ஏறி நிற்க வேண்டாம், சுண்ணாம்பு விட்டுப்போய்ச் செங்கல் பெயர்ந்து வரும். நேரம் பத்தாவிட்டால் இதை விட்டுவிடு. எனக்கு வருத்தமில்லை.

புலிக்குகை சென்னைக்குத் திரும்பும் வழியில், மாமல்லபுரத்துக்கு வடக்கே 5 கிலோமீட்டரில் வரும். அதற்குச் சற்றுத் தள்ளிச் சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த முருகன் கோயில். மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டடம், முன்னால் ஒரு கல்வேல். புலிக்குகையில் கூட்டம் இருக்கும், இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தங்குமிடம் பார்த்ததும் பெயரை எழுது, கைடு ஒருவரிடம் முன்பே சொல்லி வைக்கிறேன். சம்பந்தி அம்மாவின் செருப்பு அளவையும் கேட்டு எழுது. ரப்பர் அடி வைத்ததாக ஒரு ஜோடி இங்கேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா