69-க்கும் 70-க்கும் நடுவே: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட மருத்துவக் குழுக்களில் இருக்கும் மனநல மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், சக உளவியலாளர்களுக்கும் வணக்கம்.

அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது ஐ.க்யூ. (அறிவுத்திறன் மதிப்பெண்) என்று ஓர் எண்ணை எழுதுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த மடல். நான் மருத்துவ உளவியலாளர். அரசு மருத்துவமனையிலும் முகாம்களிலும் பிள்ளைகளைச் சோதித்து, அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை அதன் தகுதிக்கு மீறியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் 2001 நெறிமுறையில் ஐ.க்யூ. 50 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதக் குறைபாடு. 70-ஐத் தொட்டுவிட்டால் 25 சதவீதம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 2018 ஜனவரியில் வந்த நெறிமுறை சதவீதம் போடுவதற்கு, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனை அளக்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை எடுத்துக்கொண்டது. அதிலும் 55 முதல் 69 வரை 50 சதவீதம், 70 முதல் 84 வரை 25 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். ஆனால் இந்த அட்டவணையில் 40 என்று ஓர் இடமே கிடையாது. 69 வாங்கிய பிள்ளை ஐம்பதில் நிற்கிறது, 70 வாங்கிய பிள்ளை இருபத்தைந்துக்கு விழுகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, பஸ் பாஸ், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் எல்லாம் அந்த ஒரு புள்ளியோடு போய்விடுகின்றன. 2024 மார்ச்சில் நெறிமுறை மறுபடி திருத்தப்பட்டது, உண்மைதான். எங்கள் மேசையில் இருக்கும் சோதனைப் பெட்டிகளும், எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையைப் புரட்டும் பழக்கமும் இன்னும் திருந்தவில்லை.

சரி, அந்த ஒரு புள்ளி எவ்வளவு உறுதியானது? உலகத்தில் எந்த அறிவுத்திறன் சோதனையும் ஒரு புள்ளி அளவுக்குத் துல்லியமாகச் சொல்லாது. இன்றைக்கு 68 வாங்குகிற பிள்ளை, பதினைந்து நாள் கழித்து வேறொரு அறையில் 72 வாங்கலாம். இரண்டுமே சரியாக எடுத்த மதிப்பெண்ணாக இருக்கும். 2013-ல் வந்த, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 இதை ஒப்புக்கொண்டுதான், 70 என்பதை 65 முதல் 75 வரையிலான ஒரு வரம்பாகப் பார்க்கச் சொல்கிறது. குறைபாடு லேசானதா கடுமையானதா என்பதையும் ஐ.க்யூ.வை வைத்து முடிவு செய்யாமல், அன்றாட வாழ்க்கையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யச் சொல்கிறது.

அமெரிக்காவில் இந்த ஒரு புள்ளிமேல் ஓர் உயிரே தொங்கியது. ஃபிரெடி லீ ஹால் என்ற மரண தண்டனைக் கைதியின் ஐ.க்யூ. 71. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அங்கே மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது. ஆனால் ஃபுளோரிடா மாநிலம் 70-ல் கோடு கிழித்து, அதற்கு மேல் போனால் வேறு எந்தச் சான்றையும் பார்க்க மாட்டோம் என்றது. சோதனையின் பிழை வரம்பைக் கணக்கில் எடுக்காத அந்தக் கோடு அரசமைப்புக்கு விரோதமானது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. தூக்குமேடைக்கு ஆகாத கோடு நம் உதவித்தொகைக்கு மட்டும் எப்படி ஆகும் என்று எனக்குப் புரியவில்லை.

இது சோதனை நல்லதாக இருக்கும்போது வருகிற சிக்கல். நம் கையில் இருக்கும் சோதனைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கதை நீளும். பினே-காமத் சோதனை, பினே சோதனைக்கு 1916-ல் ஸ்டான்ஃபோர்டில் வந்த பதிப்பை அடிப்படையாக வைத்து, தார்வாரில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக உருவாக்கியது. மாலின் சோதனை, குழந்தைகளுக்காக 1949-ல் வந்த வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் இந்திய வடிவம். நாக்பூரில் 1960-களில் உருவானது. வைன்லேண்ட் அளவுகோலின் இந்திய வடிவமும் அதே மாலின் அதே காலத்தில் செய்ததுதான். அதன் மூல வடிவம் 1935-ல் நியூ ஜெர்சியில் எட்கர் டால் உருவாக்கியது. இவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்த பெரிய உழைப்பு அது. ஆனால் 2010-க்குப் பிறகு பிறந்த பிள்ளையை, அதன் தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்துப் பிள்ளைகளோடு நிறுத்தி அளந்துகொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1984-ல் அமெரிக்கத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1932-க்கும் 1978-க்கும் இடையில் அங்கே சராசரி மதிப்பெண் கிட்டத்தட்ட 14 புள்ளி ஏறியிருந்தது. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. 1982-லிருந்து சத்துணவும், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும், கைக்குக் கை செல்போனும் பார்த்த தமிழ்நாட்டில் அந்த ஏற்றம் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்படியானால், இன்று தன் வகுப்பில் எல்லோருக்கும் பின்னால் தடுமாறுகிற பிள்ளை, 1960-களின் அளவுகோலில் 74 வாங்கி 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று திருப்பி அனுப்பப்படுகிறான். பழைய சோதனை என்றால் குறைபாட்டை ஊதிக் காட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மறைத்துக் காட்டுகிறது.

எதிர்ப்பக்கமாகவும் தப்பு நடக்கும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும், பள்ளிக்குப் பாதி நாள்கூடப் போகாத பிள்ளையிடம் பொது அறிவும் சொற்பொருளும் கேட்டால் 60 வரும். அது குறைபாடு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கேள்வித்தாள்களின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான். மாலின் சோதனையில் ஒரு படத்தைக் காட்டி 'இதில் என்ன இல்லை?' என்று கேட்கும் பகுதி உண்டு. நான் பார்த்த ஒரு பிரதியில் படத்தில் பாதியே இல்லை. பிள்ளை திருதிருவென்று விழித்தால் பூஜ்ஜியம்.

முகாமுக்கு வருவோம். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்த பையனுக்கு மதியம் இரண்டு மணிக்கு முறை வருகிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன், பாதித் தூக்கத்தில் இருக்கிறான். பக்கத்து மேசையில் செவித்திறன் சோதிக்கிறார்கள், எதிரே மூன்று சக்கர வண்டிக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். அவன் முன்னால் செகுவின் பலகையை வைக்கிறோம். பத்து மரத்துண்டுகள், பத்துக் குழிகள், கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று தடவை செய்யச் சொல்லி, குறைந்த நேரத்தை எடுத்து மன வயதை (எந்த வயதுப் பிள்ளைக்கு இணையாகச் செய்கிறான் என்பதை) பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் முடிகிற சோதனை என்பதால் முகாமில் இதற்குத்தான் மவுசு. முதற்கட்டமாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க இது நல்ல கருவி. இதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் பத்து வருடத்தை முடிவு செய்யக்கூடாது.

உண்மையான தகவல் கிடைக்கிற இடம் வேறு. வைன்லேண்டில் 89 கேள்விகள். பிள்ளையைச் சோதிப்பதில்லை, கூட வந்தவரிடம் கேட்டு நிரப்புவது. 'தனியா பஸ்ல போவானாம்மா?' என்று கேட்டேன். 'ஓ, போவானே' என்றார் ஓர் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார். அங்கேயே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். 'எப்படிம்மா போவான்? டிக்கெட் யாரு எடுப்பாங்க?' என்று தொடர்ந்து கேட்டபோதுதான் மீதி வந்தது. 'கண்டக்டரு எங்க ஊருதான் மேடம். ஸ்கூல் வந்தா எறக்கி விட்டுடுவாரு. அவரு லீவுன்னா நான் கூடப் போவேன்.' தானே சாப்பிடுவான், ஆனால் மீனுக்கு முள் எடுத்துத் தரவேண்டும். கடைக்குப் போவான், ஆனால் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், மீதிச் சில்லறை சரியா என்று பார்க்கத் தெரியாது. பையனுக்கு அப்போது பதினான்கு வயது. ஊரே சேர்ந்து தாங்கிப் பிடித்திருப்பதால் அவன் சமாளிக்கிறான். டிக் மட்டும் எண்ணினால் எழுபதுக்கு மேலே போவான், பேசிப் பார்த்தால் அறுபதில் நிற்பான். இந்தப் பேச்சுக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். முகாமில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. பிள்ளையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே 'தானாகக் குளிப்பானா, கழுவத் தெரியுமா' என்று கேட்பதால் எத்தனை தாய்மார்கள் பொய் சொல்கிறார்கள் என்பது தனிக் கதை.

மனநோய்க்குச் சதவீதம் போடும்போது நாம் இப்படிச் செய்வதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு ரோர்ஷாக்கின் பத்து மைப்பொட்டு அட்டைகளைக் காட்டி, அதில் வந்ததை வைத்து யாரும் சான்றிதழ் தருவதில்லை. ஆளுமைச் சோதனைகள் சிகிச்சைக்கு உதவும், அதோடு சரி. சதவீதத்துக்கு ஐடியாஸ் என்ற நம் நாட்டு அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, பேசுவது புரிகிறதா, வேலை செய்கிறாரா, எத்தனை வருடமாக நோய் என்று கேட்கிறது. அதிலும் குறைகள் உண்டு. ஆனால் கேள்வி சரியான இடத்தில் கேட்கப்படுகிறது.

வரம்பாகப் பார்த்தால் போலிச் சான்றிதழ் பெருகும் என்று மருத்துவக் குழுவில் ஒரு பயம் இருப்பது தெரியும். ஒற்றை எண்ணைப் பொய்யாக எழுதுவது மிக எளிது. பையன் பஸ்ஸில் எப்படிப் போகிறான், சில்லறை எப்படி எண்ணுகிறான், பள்ளி ஆசிரியர் என்ன சொன்னார் என்று ஒரு பக்கம் பொய் எழுதுவது கஷ்டம்.

சதவீத அட்டவணை டெல்லியுடையது, அதை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. 65-க்கும் 75-க்கும் இடையில் வருகிற எந்தப் பிள்ளைக்கும் முகாமிலேயே முடிவெழுத வேண்டாம். மாவட்ட மருத்துவமனையில், தனி அறையில், இரண்டாவது முறை உட்கார வைக்கத் தேதி கொடுங்கள், வந்துபோகப் பயணப்படியும் கொடுங்கள். இல்லையென்றால் கூலி வேலைக்குப் போகிற அம்மா இரண்டாவது முறை வரமாட்டார். செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இந்தியக் குழந்தைகளை வைத்தே ஓர் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியிருக்கிறது. வெக்ஸ்லர் நான்காம் பதிப்பும் இந்திய அளவுகோலோடு கிடைக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் அசல் சோதனைப் பெட்டியாவது வாங்கிக் கொடுங்கள். கேள்விகளை ஆளுக்கொரு விதமாக நாங்களே அந்த நேரத்தில் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தைக் கூட்டி, ஒரே வாசகமாக முடிவு செய்து தரலாம். 5, 10, 18 வயதுகளில் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, முன்பு எந்தச் சோதனை வைத்தோம் என்ற குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். சோதனை மாறியதால் ஏறிய மதிப்பெண்ணைப் பிள்ளை தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு உதவித்தொகையை நிறுத்துவது நடக்கிறது.

இவற்றில் பெட்டிக்கும் பயணப்படிக்கும் நிதி வேண்டும், கோப்பு நகர நாளாகும். படிவத்தை மாற்றக் காசு தேவையில்லை. எங்கள் மாவட்ட முகாம் படிவத்தில் 'ஐ.க்யூ.' என்று போட்டு, இரண்டு இலக்கம் மட்டும் கொள்ளும் அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சோதனையின் பெயர், அதன் அளவுகோல் உருவான ஆண்டு, மதிப்பெண் எதிலிருந்து எதுவரை, வீட்டிலும் வெளியிலும் எதற்கெல்லாம் துணை தேவை என்று எழுத அரைப் பக்கம் விடுங்கள். ஒரு சுற்றறிக்கை போதும். மாதிரிப் படிவம் எழுதித் தரச் சொன்னால், இந்த வாரமே எழுதி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்