மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் விற்ற கீட்டோ திட்டம்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்.
பொருள்: மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும் காலம்) கீட்டோ (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் உணவுமுறை) மூன்று மாதத் திட்டமும் அதனுடன் வந்த கீட்டோ மாவும் தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். எனக்கு வயது 49. அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைசியாக மாதவிடாய் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நெஞ்சுக்குழியில் குப்பென்று சூடு கிளம்பி, கழுத்து, முகம், காது நுனி வரை ஏறும். அப்புறம் வியர்த்துக் கொட்டும். வியர்வை அடங்கியதும் குளிரும். சித்திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணியை வெட்டக் குனிந்தபோது, என் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை இரண்டு இடத்தில் கறையாகிவிட்டது. அந்தத் துணிக்குப் பணம் கொடுத்தேன். ராத்திரியில் மெத்தையில் படுக்க முடியாது. பத்தமடைப் பாயைத் தரையில் விரித்து, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிடப்பேன். அப்படிக் கிடந்த ஒரு ராத்திரியில்தான் உங்கள் விளம்பரம் என் போனில் வந்தது.

“21 நாளில் உடல் சூடு நிற்கும், தூக்கம் வரும், எடை குறையும்” என்று அதில் இருந்தது. நம்பினேன். 8,999 ரூபாய் கட்டினேன்.

சேரும்போது வயது, உயரம், எடை கேட்டீர்கள். எந்த வழியில் பணம் கட்டுகிறேன் என்று கேட்டீர்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆறு வருடமாக ரத்த அழுத்தம். நான் சாப்பிட்டு வந்தது டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டாவது மருந்து உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்குவது. சோறு, இட்லி, தோசையை ஒரேயடியாக நிறுத்தினால் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்து, அதோடு ஒட்டியிருந்த நீரும் உப்பும் முதல் வாரத்திலேயே வெளியேறும். மாத்திரையும் நீரை இறக்க, சாப்பாடும் நீரை இறக்க, என் நிலைமை என்ன ஆகும் என்று யோசிக்க உங்கள் பக்கம் ஆள் இல்லை.

முதல் வாரம் இரண்டரை கிலோ குறைந்தது. உங்கள் பயிற்சியாளர் கைதட்டும் படம் அனுப்பினார். அதில் பெரும்பகுதி நீர்தான் என்று பின்னால் மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் மிஷினை விட்டு எழுந்தபோது கண் இருட்டி, கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. “படபடப்பு, தலைசுற்றல், தூக்கமே இல்லை” என்று பயிற்சியாளருக்கு எழுதினேன். “இது கீட்டோ அடாப்டேஷன், நார்மல்தான் மேடம். தண்ணீரில் உப்புப் போட்டுக் குடியுங்கள்” என்று பதில் வந்தது. அதாவது உடம்பு புதுச் சாப்பாட்டுக்குப் பழகுகிறதாம். ரத்த அழுத்தம் உள்ளவளுக்கு, அது உண்டா என்று கேட்காமலே உப்பு. மறுநாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்தேன். “மைனி, மைனி” என்று கூப்பிட்டுக்கொண்டே என் நாத்தனார்தான் ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் அழுத்தம் 92/58. மாத்திரையை நிறுத்தி வைத்து, இரண்டு நாள் பார்த்து, வேறு மாத்திரை எழுதினார்கள்.

என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் படபடப்பு வரும், தூக்கம் கெடும், தலை சுற்றும். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்த முதல் நாட்களிலும் இவையெல்லாம் வரும். அழுத்தம் இறங்கினாலும் தலை சுற்றும், படபடக்கும். எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் காசு கொடுத்து ஒருவரிடம் போகிறோம். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்து என்னை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டீர்கள். அளவெடுக்காமல் நான் யார் துணியிலும் கத்தரி வைத்ததில்லை. ஓர் உடம்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா?

கீட்டோவே தப்பு என்று நான் சொல்லவில்லை. வலிப்பு நோய்க்காக 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் முன்வைத்த உணவுமுறை அது. இன்றும் வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். ஆனால் எனக்கு வரும் சூடு சோற்றினால் வரவில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி தடுமாறுவதால் வருகிறது. அது 21 நாளில் நின்றுவிடும் என்று எதை வைத்து எழுதினீர்கள்? அந்த ஆதாரத்தை எனக்கு அனுப்புங்கள்.

அடுத்தது மாவு. கிலோ 649 ரூபாய். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் “நெட் கார்ப் 3 கிராம்”, அதாவது நார்ச்சத்தைக் கழித்த மாவுச்சத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் அது 10 கிராம் மாவுக்கான கணக்கு. 10 கிராம் மாவில் யார் சப்பாத்தி போடுவார்கள்? சமையல்கட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் வேண்டும். அப்படியானால் ஒன்றுக்கு 9 கிராம், மூன்றுக்கு 27 கிராம். நாள் முழுவதற்கும் நீங்கள் எனக்குச் சொன்ன அளவே 20 கிராம்தான். மூலப்பொருள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது. அது குளுக்கோஸைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டிலேயே கருவி உண்டு. சாப்பிடும் முன் எனக்கு 98, மூன்று சப்பாத்திக்கு ஒரு மணி நேரம் கழித்து 161. கருப்பட்டி வேண்டாம், உளுந்தங்களி வேண்டாம் என்றீர்கள். வயசுக்கு வந்த நாளில் ஆச்சி நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிக் கொடுத்த களி அது. உங்கள் பேச்சைக் கேட்டு அதையும் விட்டேன். விட்டுவிட்டு நான் சாப்பிட்டது இந்த மாவு.

உணவுப் பட்டியலில் அவகாடோ, புரோக்கோலி, சீஸ், வெண்ணெய் போட்ட காபி. தூத்துக்குடிச் சாளை எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு வருகிறது. மாவுச்சத்தே கிடையாது, முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்து. முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும், கெட்ட கொழுப்பு ஏறும் என்று மருத்துவர் சொன்னார். உங்கள் பட்டியலில் எலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கொழுப்புப் பரிசோதனை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள் என்றும் இல்லை.

திட்டத்துக்கும் மாவுக்கும் கட்டிய 9,648 ரூபாயையும், ஆஸ்பத்திரிச் செலவு 3,420 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். இனிமேல் சேருகிற பெண்களிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, அவர்கள் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு, மருத்துவர் சம்மதம் வாங்காமல் பணம் வாங்கக் கூடாது. குறிப்பாகச் சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் இந்த உணவுமுறைக்குப் போனால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. என் வீட்டுக்காரரும் என்னோடு சேர்ந்து தொடங்குவதாக இருந்தார். அவர் சாப்பிடுவது டாபாக்ளிஃப்ளோசின். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போவேன். பாக்கெட்டின் உணவு உரிம எண்ணோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு நகல் போகும்.

பில், பாக்கெட்டின் முன்பக்க பின்பக்கப் படங்கள், பயிற்சியாளரின் செய்திகள், ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மீதி மாவு, பாக்கெட்டோடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்.